எல்லோரையும் பாஸ் செய்ய வைத்தவர்

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் திருத்தணியில் பாதிப் பேருக்கு அவர் யாரென்று தெரிந்துவிடும். மீதிப் பாதிப் பேர் அவரிடம்தான் லைசென்ஸ் எடுத்திருப்பார்கள். அத்தனை பேரும் என்னோடு சண்டைக்கு வருவார்கள், ‘அந்த நல்ல மனுஷனைப் பத்தி இப்படி எழுதலாமா?’ என்று. நல்ல மனுஷன்தான். அதில் எனக்கும் சந்தேகம் கிடையாது. கெட்டவராக இருந்திருந்தால் ஒரு நாள் நன்றாகத் திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பேன்.

எங்கள் பக்கம் தமிழ் பேசுகிற வீடுகளிலும் அப்பாவை நைனா என்று கூப்பிடுவது உண்டு. நானும் அப்படித்தான். என் நைனாவுக்கு இவர் பாவா, தெலுங்கில் மச்சான். ரத்த உறவு ஒன்றும் இல்லை. ஆந்திரா கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊரில், மனதுக்கு நெருங்கின சிநேகிதனை முறை சொல்லி அழைத்துக்கொள்வார்கள். நைனா இவரை பாவா என்பார், இவரும் நைனாவை பாவா என்பார், எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் அதைச் சொல்லிக்கொண்டே இருப்பதைப் பார்க்கச் சிரிப்பாக இருக்கும். அந்த முறையில் அவர் எனக்கு மாமா.

மாமா டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். ஸ்கூல் என்றால் முன்னும் பின்னும் சிவப்பில் ‘எல்’ எழுதிய ஒரு பழைய கார், ஒரு மேஜை, சுவரில் சாலைக் குறிகளின் படம், அவ்வளவுதான். அந்தக் காரில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வருஷக்கணக்காக அந்த பிரேக்கை மிதித்து மிதித்து மாமாவின் வலது கால் தானாகவே வேலை செய்யப் பழகிவிட்டது. எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது யாராவது ஒரு கஷ்டத்தைச் சொன்னால் போதும், அவர் கால் தரையை அழுத்தும். அம்மா அதைக் கவனித்துவிட்டு, “இன்னாண்ணா, எங்க வீட்டை நிறுத்தப் பாக்குறீங்களா?” என்று கேலி செய்வாள்.

அவரிடம் ஒரே ஒரு கொள்கை இருந்தது. தன்னிடம் வந்தவர் யாரும் ஃபெயில் ஆகக் கூடாது. லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரியை எங்கள் ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்போம். அவர் எங்கே நிற்பார், எந்தப் பக்கம் பார்ப்பார், எப்போது டீ குடிக்கப் போவார், எதற்கு எரிச்சல்படுவார் என்பதெல்லாம் மாமாவுக்கு மனப்பாடம். “ஆபீசரு நம்மளைப் பாக்குறது அரை நிமிஷம். அந்த அரை நிமிஷம் நாம ஒழுங்கா இருந்தா போதும். மிச்ச நேரம் எவன் பாக்குறான்?” என்பார்.

எனக்கு ஆர்.கே.பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை கிடைத்தபோது மொபெட் வாங்கினோம். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மாமா தரையில் சுண்ணாம்புப் பொடியால் எட்டு போட்டு, அதன் மேல் என்னைச் சுற்ற விட்டார். காலையும் மாலையும் எட்டுதான். கால் ஊன்றாமல், கோடு தாண்டாமல், திரும்புகிற இடத்தில் கை காட்டி, அழகாக எட்டு போடக் கற்றுக்கொண்டேன். பிரேக் இன்ஸ்பெக்டர் “சபாஷ்” என்றார். லைசென்ஸ் வந்த மறுநாள் சித்தூர் ரோட்டில் நேராகப் போக வேண்டியிருந்தது. நேராகப் போக நான் கற்றுக்கொள்ளவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு கொய்யாப்பழ வண்டியில் போய் மோதினேன்.

மாமா ஓடி வந்தார். என் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் குனிந்து ரோட்டில் உருண்ட கொய்யாவை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வேட்டியில் துடைத்து வண்டியில் வைத்தார். திட்டிக்கொண்டிருந்த கொய்யாக்காரம்மாவிடம், “யம்மா, சும்மா கத்தாத. இந்தப் பொண்ணுகிட்ட லைசென்ஸ் இருக்குது” என்றார். அந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“மாமா, எனக்கு ஓட்டவே தெரியலையே” என்றேன்.

“ஓட்டறது தானா வரும் கண்ணு. பாஸ் ஆவறது தானா வராது.”

அப்போது அது எனக்கு எவ்வளவு பெரிய தத்துவமாகத் தெரிந்தது! ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான். எங்கள் தெருவில் ஒரு பையன் போலீஸ் செலக்‌ஷனுக்குப் போனான். எடை கொஞ்சம் குறைவு. மாமா அதிகாலையிலேயே மார்க்கெட்டுக்குப் போய் ஒரு தார் பச்சை வாழைப்பழம் வாங்கி வந்து, எடை பார்க்கிற வரிசையில் நிற்கும்வரை அவனைத் தின்ன வைத்தார். மேலே சொம்பு சொம்பாகத் தண்ணீர். அவன் எடையில் தேறி, நாலு அடி நடந்து, மைதானத்து ஓரத்திலேயே அத்தனையையும் வாந்தி எடுத்தான். ஆனால் வேலை கிடைத்தது. அவனுடைய அம்மா மாமாவின் காலில் விழுந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். அந்த மனுஷனை யார்தான் நம்பாமல் இருப்பார்கள்?

நைனாவுக்குத் திருவாலங்காட்டில் சர்க்கரை ஆலையில் வேலை. கரும்பு வண்டிகளை எடை போட்டு எழுதுகிற வேலை. தொண்ணூறுகளின் நடுவில் அவருக்குத் தாகம் ஆரம்பித்தது. பானையைக் காலி செய்வார், எழுந்து எழுந்து வெளியே போவார், வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவும். ரத்தம் எடுத்துப் பார்த்துச் சர்க்கரை வியாதி என்றார்கள். ஊர்க்காரர்கள் விடுவார்களா? “ஆலையில வேலை செஞ்சி சரக்கையும் வீட்டுக்கு எடுத்துகினு வந்துட்டான்யா” என்று கிண்டல். நைனாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அவரால் சிரிக்க முடியாமல் போனது டாக்டர் திட்டியபோதுதான். எங்கள் ஊர் டாக்டர் நைனாவை விட வயதில் சின்னவர். முன் அறையில் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, “நீங்கல்லாம் வாயைக் கட்டாட்டி நான் இன்னா பண்ண முடியும்? காலை எடுக்கணும்னு வந்து நிப்பீங்க” என்று சத்தம் போட்டுவிட்டார். நைனா எந்த மேலதிகாரியிடமும் ஒரு வார்த்தை வாங்காதவர். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் மாமா வந்தார். நைனாவின் முகத்தைப் பார்த்தார். கால் தரையை அழுத்தியது.

“இன்னா பாவா, ஃபெயிலா?”

நைனா தலையை ஆட்டினார்.

“விடு, நான் பாத்துக்கறேன். அடுத்த மாசம் அந்த டாக்டரே எழுந்து நின்னு கை குடுப்பாரு.”

மாமாவுக்கும் சர்க்கரை இருந்தது. நைனாவுக்கு முன்பே வந்தது. ஆனால் டாக்டரிடம் ஒரு தடவை கூட அவர் திட்டு வாங்கியதில்லை. எப்படி என்று அப்போதுதான் நைனாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். ரத்தம் எடுக்கிற நாளுக்கு மூன்று நாள் முன்னால் சோற்றை நிறுத்திவிட வேண்டும். கேழ்வரகுக் கூழ், அதையும் தண்ணியாக. காலையில் பாகற்காய்ச் சாறு. விடிந்ததும் மலைப்படி ஏறி இறங்க வேண்டும், சாயங்காலம் மறுபடியும் ஒரு முறை. முந்தின ராத்திரி ஒரு தக்காளி, ஒரு டம்ளர் மோர், படுக்கை. கேழ்வரகு மாவைக் கூட அவரே வீட்டில் அத்தையிடம் அரைக்கச் சொல்லி எடுத்து வந்தார். தன் பரீட்சைக்குப் படிக்கிறவன் கூட அவ்வளவு அக்கறையாகப் படிக்க மாட்டான்.

அடுத்த மாதம் டாக்டர் நிஜமாகவே கை கொடுத்தார். மாமா லேபில் கொடுத்த சீட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு தெருமுனையிலிருந்தே கத்தினார்.

“பாஸு! பாவா பாஸு!”

அதோடு நேரே ஸ்டேஷன் பக்கம் ஓட்டலுக்குப் போனார்கள். நெய் மிதக்கிற பொங்கல், வடை, அதற்கு மேல் ஒரு ஜாங்கிரி. மாதத்தில் மிச்சமிருக்கிற நாளெல்லாம் லீவு. மறுபடி ரத்தம் எடுக்கிற நாள் நெருங்கினால்தான் கூழ். கொஞ்ச நாளில் இவர்களோடு இன்னும் மூன்று நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். விடியற்காலையில் கூட்டமாகப் படியேறுவார்கள். மலைக்கு வந்த பக்தர்கள் இவர்களைப் பார்த்து ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக் கும்பிட்டது உண்டு. ஊரில் அதற்கு சுகர் டியூஷன் என்று பெயர். ஒருவரும் ஃபெயில் இல்லை. டாக்டர் சந்தோஷப்பட்டு நைனாவின் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். டாக்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கண்ணுக்குக் காட்டியதை அவர் நம்பினார். மாதத்தின் சராசரியைக் காட்டுகிற பரிசோதனை எதுவும் அப்போது எங்கள் ஊர் லேபில் இல்லை.

அம்மா மட்டும் முழுசாக நம்பவில்லை. எங்கள் பாத்ரூமில் எறும்பு நின்றபாடில்லை. நைனா போய்விட்டு வந்தால் பின்னாலேயே சாரி சாரியாக வரும்.

“டாக்டரு நார்மல்ன்றாரு. எறும்பு இல்லன்னுதே. நான் எதைக் கேக்கறது?” என்றாள்.

மாமா வாய்விட்டுச் சிரித்தார். “தங்கச்சி, எறும்பு எம்.பி.பி.எஸ். படிச்சிகினு வந்திருக்குதா?”

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நான்தான் ரொம்ப நேரம் சிரித்தேன்.

ஒரு ஆடிக் கிருத்திகைக்கு முன் வாரம் நைனா படியிலேயே மயங்கி உட்கார்ந்துவிட்டார். கூழும் பாகற்காயுமாக வயிறு காலி, உள்ளே மாத்திரை வேறு. உடம்பெல்லாம் வியர்த்து, கண் சொருகி, வாய் குழறியது. மாமா தன்னுடைய வயதையும் மறந்து நைனாவை முதுகில் சுமந்துகொண்டு இறங்கினார். கீழே ஒரு கடையில் வெல்லத்தைக் கரைத்து வாயில் ஊற்றினார். நைனா கண் திறக்கும் வரை அவர் அழுதார். தோளில் கிடந்த துண்டு நனைகிற மாதிரி அழுதார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது நைனா எழுந்து உட்கார்ந்திருந்தார். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “உங்க நைனா ஓவரா படிச்சிட்டாரு, அதான்” என்று என்னிடம் கண்ணடித்தார். அந்த வாரப் பரிசோதனையிலும் நைனா பாஸ்.

அவர் நைனா மேல் வைத்திருந்த பாசம் பொய்யில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் மீதியைச் சொல்ல எனக்கு நியாயம் இல்லை.

இரண்டாயிரம் பிறந்த பிறகு மாமாவிடம் சின்னச் சின்ன மாறுதல்கள் தெரிந்தன. ஓட்டலில் எல்லோருக்கும் பொங்கல் சொல்லிவிட்டுத் தனக்குச் சர்க்கரை இல்லாத காபி மட்டும் வாங்கிக்கொள்வார். கேட்டால் “வயிறு சரியில்ல” என்பார். சென்னையில் இருக்கிற மகள் வீட்டுக்கு அடிக்கடி போய் வந்தார். மின்சார ரயிலில் போகும்போது வாய் அகன்ற ஃபிளாஸ்க் ஒன்று கையில் இருக்கும். பேத்திக்குப் பால் கொண்டுபோகிறார் என்று நினைத்துக்கொண்டோம். ஆனால் டியூஷன் மட்டும் நிற்கவில்லை. ரத்தம் எடுக்கிற நாள் வந்தால் நைனாவுக்குக் கேழ்வரகு மாவு வந்துவிடும். சீட்டு வந்தால் “பாஸு” என்கிற சத்தம் தெருவில் கேட்கும். முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டது என்று இப்போது தோன்றுகிறது.

அந்தச் சமயத்தில்தான் நைனாவுக்குப் பாதம் எரிய ஆரம்பித்தது. எடைமேடையில் எண்ணை மாற்றி எழுதிவிட்டுத் திட்டு வாங்கினார். பிறகு முகம் வீங்கியது, கால் வீங்கியது. செருப்பு நுழையவில்லை. படுத்தால் மூச்சு வாங்கியது. சர்க்கரை நார்மல் என்பதால் வேறு என்னென்னவோ நோய்களை யோசித்தோம். சீட்டுகள் எல்லாம் நல்லபடியாக இருக்கும்போது ஒரு மனுஷன் கண்ணெதிரே இப்படி அழிவானா என்று எனக்குப் புரியவில்லை.

சென்னையில் நல்ல ஆஸ்பத்திரி எது என்று கேட்கலாம் என்று அம்மாவும் நானும் மாமா வீட்டுக்குப் போனோம். மாமா அரக்கோணம் போயிருந்தார். அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

“இதுக்கு இன்னா யோசனை? எங்க வூட்டுக்காரரு போறாரே, அங்கியே இட்டுனு போங்க. ரெண்டு வருஷமா அங்கதான காமிச்சிகினு வராரு. அந்த ஊசியும் அவங்கதான் போட்டுக்கச் சொன்னது.”

“எந்த ஊசி அக்கா?” என்றாள் அம்மா.

“சுகருக்குத்தான். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. இங்க டெஸ்ட் எடுக்கறதெல்லாம் ஒண்ணுக்கும் ஆவாதாம். அங்க மூணு மாச சுகரை ஒரே தபாவுல காட்டிடுதாம். நம்ம ஏமாத்தவே முடியாதுன்னு சிரிச்சிகினே சொன்னாரு.” எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அத்தை முறத்தைக் கீழே வைத்தார். “ஏன், உங்களாண்ட சொல்லலையா? அண்ணனாண்ட சொல்லாம இருப்பாரா அவரு?”

ஃபிளாஸ்க்கில் பால் இல்லை. ஐஸ் கட்டி, ஊசி மருந்து. அம்மா எழுந்து நின்றவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வரை அதை எடுக்கவில்லை.

அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். வேறு போக்கிடம் தெரியாது. அங்கே இருந்த டாக்டரம்மா நைனாவின் பழைய சீட்டுகளைப் பார்த்தார், புதிய முடிவைப் பார்த்தார், இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நைனாவை வெளியே உட்கார வைத்துவிட்டு வரச் சொன்னார்.

“இத்தனை வருஷமா இவர் ரத்தத்துல சர்க்கரை ரொம்ப அதிகமா இருந்திருக்கு. டெஸ்ட் எடுத்த அன்னிக்கு மட்டும் குறைஞ்சிருக்கு. கிட்னி ரெண்டும் பாதிக்கு மேல போயிடுச்சு. இதயமும் பலவீனமா இருக்கு.”

“எப்படி டாக்டர்? வலின்னு ஒண்ணும் சொன்னதில்லையே?”

“சொல்ல மாட்டாங்க. வலிக்காது. சர்க்கரை அதிகமா ஊறின உடம்புல, நாம சுவாசிக்கிற ஆக்ஸிஜனே சில நேரம் எதிரியாகிடும்மா. இரும்பு துருப் பிடிக்குதே, அந்த மாதிரின்னு வெச்சுக்கோங்க. ரத்தக் குழாயோட உள்பக்கம், கிட்னி, கண்ணு, எல்லாத்தையும் உள்ளேயே அரிக்கும். அந்தத் துரு எவ்வளவுன்னு ரத்தத்துல பார்க்கிறதுக்குன்னு சில குறிகள் இருக்கு. அது ஏற ஏற உயிருக்கு ஆபத்தும் ஏறுதுன்னு சொல்றாங்க. எல்லா இடத்துலயும் அதைப் பார்க்கிறதில்ல, பார்க்கவும் வேணாம். மூணு மாச சர்க்கரையை மட்டும் ஒரு ரெண்டு வருஷம் முன்னாடி பார்த்திருந்தா போதும். மருந்தை மாத்தி இவ்வளவு தூரம் வராம நிறுத்தியிருக்கலாம்.”

ரெண்டு வருஷம் முன்னாடி. டாக்டரம்மா அதற்குப் பிறகு சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

மறுநாள் மாமாவைத் தேடிப் போனேன். சுண்ணாம்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு பெண்ணுக்கு எட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் வந்து போனதை அத்தை சொல்லிவிட்டார் என்பது என்னைப் பார்த்ததும் அவர் முகத்திலேயே தெரிந்தது. அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டார்.

“எப்ப மாமா தெரியும்?” என்றேன்.

“இன்னாத்த கேக்கற?”

“அந்த டெஸ்ட்டு. எங்க நைனாவுக்கு ஏன் சொல்லல?”

அவருடைய கால் மண்ணை அழுத்திக்கொண்டே இருந்தது.

“நான் ஃபெயிலு கண்ணு. அங்க போயி மொதல் டெஸ்ட்டுலயே. அந்த டாக்டரம்மா என்னைப் பாத்துக் கேட்டுது, ‘யாரை ஏமாத்தறீங்க’ன்னு. உங்க நைனா, மத்தவங்க, எல்லாரும் என்னை நம்பிகினு இருக்காங்க. நான் எந்த மூஞ்சியை வெச்சிகினு சொல்றது, நான் சொல்லிக்குடுத்தது அத்தினியும் தப்புன்னு?”

“நீங்க ஃபெயிலுன்னு சொல்ல வேணாம் மாமா. இப்படி ஒரு டெஸ்ட்டு இருக்குது, போய் எடுத்துகினு வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“எடுத்தா அவரும் ஃபெயிலாயிருப்பாரு. தாங்க மாட்டாரு. டாக்டரு திட்டினாருன்னு அன்னிக்கு ஒரு நாள் எப்படி இருந்தாரு, நீ பாத்த இல்ல?”

“அதனால நீங்க மட்டும் ஊசி போட்டுகினு, எங்க நைனாவுக்குக் கூழு குடுத்தீங்க.”

அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. நைனாவை முதுகில் சுமந்து இறங்கியபோது அழுத அதே அழுகைதான் இதுவும் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் என் மனம் இளகவில்லை. “இனிமே எங்க வூட்டுப் பக்கம் வராதீங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்றைக்கும் அந்த வார்த்தையை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

நைனாவிடம் இதைச் சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டாள். “இருக்கிறது ஒரே சிநேகிதம்டி அந்த மனுஷனுக்கு. உடம்புதான் போச்சு. அதையாவது விட்டு வை” என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். மாமா ஏன் வருவதில்லை என்று நைனா கேட்கும்போதெல்லாம், வியாபாரம் அதிகம், மகளுக்குப் பிரசவம் என்று அம்மா ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சமாளித்தாள். டியூஷன் கூட்டத்தில் மற்றவர்களுக்கு நானே வீடு வீடாகப் போய் அந்த மூணு மாசப் பரிசோதனையைப் பற்றிச் சொன்னேன். யார் சொன்னது என்று மட்டும் சொல்லவில்லை. அவர்களில் ஒருவருக்கு ஏற்கெனவே ஒரு காலை எடுத்திருந்தார்கள்.

நைனா அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தார். மாமா அவருக்கு அப்புறமும் பல வருஷம் நன்றாக இருந்தார், ஊசியும் நடையுமாக. நைனாவின் காரியத்துக்கு வந்து தெருமுனையிலேயே நின்றுவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்த ஒன்றை.

சென்னை ஆஸ்பத்திரிக்கு இரண்டாம் முறை போக வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் அது. அம்மா இட்லி வைத்துக் கொடுத்திருந்தாள். நைனா சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகமும் காலும் வீங்கியிருந்தாலும் மற்றபடி எலும்பும் தோலுமாக ஆகியிருந்தார். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் ஆபத்து என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார்.

“ஏன் நைனா, பிடிக்கலையா?”

“நாளைக்கு ரத்தம் எடுக்கணும்ல. பாவா வேற வரல. நானே பாத்துகினு இருக்கேன். மதியானத்துல இருந்து ஒண்ணும் தொடல.” பாடத்தைத் தானாகவே படித்துவிட்ட பையனைப் போலப் பெருமையாகச் சொன்னார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடக்கிக்கொண்டுதான் பேசினேன். “அங்க எடுக்கறது அந்த டெஸ்ட்டு இல்ல நைனா. நீங்க இன்னிக்குச் சாப்ட்டாலும் சாப்புடாட்டியும் அது மாறாது. மூணு மாசமா உடம்புல எவ்ளோ சர்க்கரை இருந்துச்சோ அத்தினியும் காட்டிடும். பட்டினி கெடந்து ஒண்ணும் ஆவப் போறதில்ல.”

நைனா என்னையே பார்த்தார். அந்தப் பார்வை மெதுவாகத் தட்டுக்குப் போய், மறுபடியும் என்னிடம் வந்தது. அத்தனை வருஷத்துக் கூழும் பாகற்காயும் எதற்கு என்று அவருக்குப் புரிகிறது என்பதை நான் பார்த்தேன்.

“இப்படி ஒரு டெஸ்ட்டு இருக்கறது பாவாவுக்குத் தெரியுமா?” என்றார்.

சமையலறையில் அம்மாவின் பாத்திரச் சத்தம் நின்றது.

தெரியும் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது! ரெண்டு வருஷமாகத் தெரியும் நைனா, ஊசி போட்டுக்கொண்டு உங்களுக்குப் பொங்கல் வாங்கிக்கொடுத்தார் நைனா என்று கத்த வேண்டும் போல் இருந்தது. ஆனால் அந்த வீங்கின முகம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் என்ன சொன்னாலும் அதை வைத்துக்கொண்டுதான் மிச்ச நாளை அவர் ஓட்டியாக வேண்டும். யாரை நான் வீட்டு வாசல் மிதிக்காதே என்று விரட்டினேனோ, அவர் செய்ததையே நானும் செய்தேன்.

“தெரியாது நைனா” என்றேன்.

நைனாவின் நெஞ்சு இறங்கியது. “அதான பாத்தேன். தெரிஞ்சிருந்தா எனக்குச் சொல்லாம இருப்பாரா?” என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு வாய் எடுத்து வைத்தவர் பாதியில் நிறுத்தினார்.

“நீ ஒரு எட்டு போயி அவருகிட்டச் சொல்லிட்டு வந்துடும்மா. பாவம், அவரும் அந்தப் பழைய டெஸ்ட்டையே நம்பிகினு இருப்பாரு. எனக்கு ஆன மாதிரி அவருக்கும் ஆயிடப் போவுது.”

“ஆங், சொல்றன் நைனா” என்றேன்.